விரட்டிச் சுடுவதா, நடந்து சுடுவதா, சுடாமல் விடுவதா?

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இணையம் வழியாக மனு அனுப்பலாம். ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்துவிட்டால் அதை விவாதத்துக்கு எடுப்பது பற்றி யோசிப்பார்கள். கிரவுஸ் என்ற பறவையை விரட்டிச் சுடும் வேட்டையைத் தடை செய்யக் கேட்டு 2016இல் ஒரு மனு வந்தது. 1,23,077 பேர் கையெழுத்திட்டார்கள். அக்டோபர் 31 அன்று விவாதம் நடந்தது. அப்புறமும் அதே கோரிக்கையோடு வந்த மனுக்கள் லட்சத்தைத் தாண்டின. அவற்றில் ஒன்று 2025 ஜூன் 30 அன்று விவாதத்துக்கு வந்தது. ஒரு முறையும் அரசு தடைக்கு ஒப்பவில்லை.

2025இல் விவாதத்துக்கு வந்த அந்த மனு திறந்திருந்த சமயத்தில், லீட்ஸில் இருக்கும் தம்பி ஒருவன் அதன் இணைப்பை எனக்கு அனுப்பினான். "அண்ணா, இதுல கையெழுத்துப் போடலாமா? அந்த மலையெல்லாம் நடந்து பார்த்தவர் நீங்கதான், சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். யார்க்‌ஷரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். அந்த மேட்டுநிலங்களில் நடந்த நடைக்குக் கணக்கில்லை. இருந்தும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நாலைந்து நாள் யோசித்து அவனுக்கு எழுதியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

மனுவை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். வேட்டையையே நிறுத்து என்று அது கேட்கவில்லை. கிரவுஸைச் சுடும் வழிகளில் ஒரு வழியை மட்டும் நிறுத்தச் சொல்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகப் படும். நம் மனதில் வேட்டை என்றால் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். அங்கே சண்டையே முறையைப் பற்றித்தான். விரட்டிச் சுடுவது, நாயோடு நடந்து சுடுவது, சுடாமல் விட்டுவிடுவது என்று ஒரு மலைக்கு மூன்று வழி இருக்கின்றன. எதைத் தேர்வது என்பதில் நிலச்சொந்தக்காரர், ஊர்க்காரர், பறவை ஆர்வலர், அரசு எல்லோரும் முட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பறவையைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு கிரவுஸ் பிரிட்டன், அயர்லாந்து தீவுகளை விட்டால் வேறெங்கும் இல்லை. கௌதாரியை விடப் பெரியது, அறுநூறு எழுநூறு கிராம் எடை, செம்பழுப்பு உடல், கால்விரல் வரை இறகு மூடியிருக்கும். (நம் ஊர்க் கல்கௌதாரியின் ஆங்கிலப் பெயரிலும் 'கிரவுஸ்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டுக்கும் உறவு கிடையாது.) மரமே இல்லாத, ஈரமும் காற்றும் நிறைந்த மேட்டுநிலத்தில் வாழும். அந்த நிலத்துக்கு மூர் என்று பெயர். அங்கே முழங்கால் உயரம் வளரும் ஹெதர் என்ற குறுஞ்செடியின் தளிர்தான் அதன் முக்கிய உணவு. ஆகஸ்ட்டில் ஹெதர் பூத்து மலை முழுக்க ஊதாவாகும்போது வேட்டைக்காலம் தொடங்கும். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெசன்ட் என்ற பறவையைப் பண்ணையில் பொரிக்கவைத்து, கோடிக்கணக்கில் வளர்த்து, சுடுவதற்காகவே வெளியில் விடுகிறார்கள். கிரவுஸை அப்படி வளர்த்துவிட்டுக் கட்டுப்படியாகாது. அது முழுக் காட்டுப் பறவை. நிறைய கிரவுஸ் வேண்டுமென்றால் நிலத்தைத்தான் அதற்கேற்ப மாற்ற வேண்டும். எத்தனை பறவை வேண்டும் என்பதை வேட்டை முறை தீர்மானிக்கிறது. அந்த எண்ணிக்கை, நிலத்தை என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நான் சொல்ல வருவது முழுக்க இந்தக் கணக்குதான்.

விரட்டிச் சுடுவது

பல வருடம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் மூருக்கு நடக்கப் போனேன். இங்கிலாந்தில் ஞாயிறன்று கிரவுஸைச் சுடக் கூடாது. 1831ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதனால் எனக்கு மூர் என்றால் அமைதி. வழியில் கல்லும் புல்கட்டியும் அடுக்கி மார்பளவு உயரத்தில் கட்டிய, எண் போட்ட சிறு சுவர்கள் வரிசையாக இருக்கும். காற்றுக்கு ஆடுகள் ஒதுங்கக் கட்டியவை என்று நினைத்திருந்தேன்.

கூட வேலை பார்க்கும் ஓர் ஆங்கிலேயர் ஒரு சனிக்கிழமை என்னை விரட்டுக் கூலிக்குக் கூட்டிப்போனார். அன்றுதான் தெரிந்தது, அவை துப்பாக்கிக்காரர்கள் நிற்கும் மறைவிடங்கள் என்று. நாற்பது ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக எட்டு ஒன்பது மறைவிடங்கள். யாருக்கு எது என்று காலையில் சீட்டெடுப்பார்கள். நாங்கள் இருபத்தைந்து பேர் ஒரு மைலுக்கு அப்பால் போய் வரிசையாக நின்றோம். கையில் கொடி, வேறொன்றுமில்லை, பழைய உரச்சாக்கின் வெள்ளைப் பிளாஸ்டிக்கைக் கம்பில் கட்டியது. கொடியை அடித்துக்கொண்டே ஹெதருக்குள் நடக்க வேண்டும். வரிசை வளையாமல் போவதுதான் வேலையின் சூட்சுமம். இரண்டு ஓரத்திலும் அனுபவசாலிகள், பறவை பக்கவாட்டில் நழுவாமல் திருப்பிவிட.

முதல் கூட்டம் எழும்பியபோது ஒரு கணம் நின்றுவிட்டேன். "கோ-பேக், கோ-பேக்" என்று தொண்டை அதிரக் கத்திக்கொண்டு எழும்பி, தரையை உரசுவதுபோல மேடுபள்ளத்தை ஒட்டியே பறக்கும். அடுத்த நிமிடம் தூரத்தில் வெடிச்சத்தம். கிட்டே நெருங்கியதும் ஊதுகொம்பு ஊதுவார்கள். அதற்குப் பிறகு யாரும் முன்பக்கம் சுடக் கூடாது, நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம் அல்லவா? மறைவிடத்தின் இரண்டு பக்கமும் குச்சி நட்டிருப்பார்கள், திரும்பும் வேகத்தில் துப்பாக்கி பக்கத்து ஆளை நோக்கிப் போய்விடாமல் தடுக்க. ஒரு நாளைக்கு இப்படி நாலைந்து விரட்டு. மாலையில் பறவைகளை ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டு எண்ணினார்கள். கிரவுஸை எப்போதும் ஜோடிக் கணக்கில்தான் எண்ணுவார்கள், சுட வருபவர் கொடுக்கும் விலையும் ஜோடிக்குத்தான். ஒரு ஜோடிக்கு நூற்றைம்பது, இருநூறு பவுண்டு என்று போகிறது. நூறு ஜோடி நாள் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இந்த முறை ரொம்பப் பழையதில்லை. பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு பிரிட்டனில் பரவியது. அதற்கு முன் குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடுபவனால் பாய்ந்து வரும் கூட்டத்தை என்ன செய்ய முடியும்? கூடவே ரயில் வந்தது. லண்டனில் ஏறியவர் மறுநாள் ஸ்காட்லாந்து மலையில் இறங்கினார். 1852இல் விக்டோரியா ராணி குடும்பம் ஸ்காட்லாந்தில் பால்மோரல் பண்ணையை வாங்கியது, மேட்டுநில வேட்டை மேல்தட்டின் அடையாளமானது. வால்சிங்கம் பிரபு 1888 ஆகஸ்ட் 30 அன்று யார்க்‌ஷரின் புளபர்ஹவுசஸ் மூரில் தனியொருவராக 1,070 கிரவுஸைச் சுட்டார். 1915 ஆகஸ்ட் 12 அன்று லங்காஷரின் அபிஸ்டெட் பண்ணையில் எட்டுப் பேர் சேர்ந்து 2,929. உலகப்போர் நடந்துகொண்டிருந்த இரண்டாவது கோடை அது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

சரி, விரட்டு வேட்டைக்கு ஏன் அத்தனை பறவை வேண்டும்? இருபத்தைந்து பேர் கூலி, வண்டி, நாய்கள், வருடம் முழுக்கச் சம்பளம் வாங்கி வேட்டை நிலத்தைப் பராமரிக்கும் கீப்பர்கள் எல்லாம் சேர்த்து ஒரு நாளை ஏற்பாடு செய்து, அதில் பத்துப் பறவை மட்டும் மறைவிடத்தைக் கடந்தால் யார் பணம் கொடுப்பார்கள்? அடர்த்தி ஓர் அளவுக்குக் கீழே போனால் விரட்டு வேட்டையே நடக்காது. ஆகவே அடர்த்தியை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். அதற்கு மூன்று வேலை.

ஒன்று, தீ. ஹெதரைக் கீற்றுக் கீற்றாக எரிப்பார்கள். எரித்த இடத்தில் இளந்தளிர் வரும், பக்கத்திலேயே முதிர்ந்த செடி மறைவுக்கு இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மலை ஒட்டுப்போட்ட போர்வைபோலத் தெரியும். ஹெதருக்கு அடியில் பல இடங்களில் பீட் என்ற கரிமச்சத்து நிறைந்த சதுப்பு மண் கிடக்கிறது, ஆயிரக்கணக்கான வருடமாக மட்காமல் சேர்ந்தது. அது காய்ந்தால், எரிந்தால், அதிலுள்ள கரி காற்றுக்குப் போய்விடும். அதனால்தான் ஸ்காட்லாந்து 2024இல் தீ வைக்க உரிமம் வேண்டும் என்று சட்டம் செய்து, 40 செ.மீ.க்கு மேல் ஆழமான பீட்டில் எரிப்பதைச் சில காரணங்களுக்கு மட்டும் என்று குறுக்கியது.

இரண்டு, மருந்து. கிரவுஸின் குருட்டுக்குடலில் ஒரு நூற்புழு வாழ்கிறது. பறவை பெருகினால் புழு பெருகும், புழு பெருகினால் பறவை கூட்டம் கூட்டமாகச் சாகும். சில வருடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் சுழற்சி. இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்குப் பிடித்த ஒரு மனிதர் உண்டு. எட்வர்ட் வில்சன். கிரவுஸ் நோய் விசாரணைக்காக ஏறத்தாழ இரண்டாயிரம் பறவைகளை அறுத்துப் பார்த்தவர், படம் வரைந்தவர். 1911இல் அந்த அறிக்கை வெளியானபோது அவர் அண்டார்ட்டிகாவில் இருந்தார். அடுத்த வருடம் கேப்டன் ஸ்காட் என்ற ஆய்வுப் பயணியோடு தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோனார். இன்று அந்தப் புழுவுக்கு மருந்து பூசிய பரல் வைக்கிறார்கள். கிரவுஸ் நார்த் தீனியை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். அந்தக் கல்லிலேயே கொழுப்பில் குழைத்த மருந்து. சுடுவதற்கு 28 நாள் முன்பே அதை எடுத்துவிட வேண்டும். புழுவைக் கட்டுப்படுத்தினால் வீழ்ச்சியைத் தடுக்கலாம் என்பது ஆராய்ச்சியில் உறுதியானது. ஆனால் நெருக்கம் கூடினால் வேறு நோய் வருகிறது. 2010இல் முதன்முதலாகக் கிரவுஸிடம் கண் வீங்கும் ஒரு சுவாசத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது.

மூன்று, கொல்வது. நரி, காகம், கீரி போன்ற ஸ்டோட் முதலியவற்றைச் சட்டப்படி கட்டுப்படுத்தலாம். பருந்தினத்தைத் தொடக் கூடாது. ஆனால் தொடுகிறார்கள். ஹென் ஹாரியர் என்ற பூனைப்பருந்து ஹெதரில் தரையில் கூடு கட்டும், கிரவுஸ் குஞ்சை எடுக்கும். செயற்கைக்கோள் கருவி பொருத்திய 58 ஹாரியர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவற்றில் 72 சதவீதம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை, அல்லது அப்படிக் கொல்லப்பட்டிருக்க மிகுந்த வாய்ப்புள்ளவை என்றது. ஸ்காட்லாந்தில் கருவி பொருத்திய 131 பொன்கழுகுகளில் 41 சந்தேகமான முறையில் மறைந்துபோயின. 2013இல் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு ஹென் ஹாரியர் குஞ்சுகூடக் கூட்டைவிட்டுப் பறக்கவில்லை. பிறகு நிலைமை கொஞ்சம் மாறி 2023இல் 141 குஞ்சுகள் பறந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் பார்த்த கீப்பர்கள் எல்லோரும் கொலைகாரர்கள் என்று சொல்ல மாட்டேன். அன்று என்னோடு நடந்த கீப்பர், காலடியில் ஒரு தவிட்டு நிறத் தவளையைக் கண்டு வரிசையையே ஒரு நிமிடம் நிறுத்தியவர். ஆனால் சம்பளமும் வீடும் ஒரு எண்ணிக்கையில் தொங்கும்போது, மலையில் பறக்கும் ஒவ்வொரு பருந்தும் அந்த எண்ணிக்கையிலிருந்து கழிகிறது. தனிமனிதர் நல்லவர் என்பதை நம்பி மட்டும் இந்த அழுத்தத்தைத் தாண்ட முடியாது.

நாயோடு நடப்பது

இதுதான் பழைய முறை. ஒருவர் இருவர் துப்பாக்கியோடு, ஒரு பாயின்டர் அல்லது செட்டர் நாய். நாய் காற்றுக்கு எதிராக வலமும் இடமுமாக ஓடி மணம் பிடிக்கும். கிரவுஸ் ஹெதருக்குள் பம்மியிருக்கும் இடத்தை மோப்பம் தட்டியதும் அப்படியே சிலையாக நின்றுவிடும். நாய்க்காரர் மெதுவாக அதை முன்னே நகர்த்துவார். பறவை எழும்பும். சுட்டாலும் விட்டாலும், நாய் அந்தக் கணமே படுத்துவிட வேண்டும். அப்படிப் பழக்க வருடங்கள் ஆகும்.

நான் இதை வேட்டையில் பார்க்கவில்லை, எண்ணும்போது பார்த்தேன். விரட்டு வேட்டை நடக்கும் மூர்களில்கூட மார்ச்சிலும் ஜூலையிலும் கிரவுஸை எண்ணுவது நாயை வைத்துத்தான். ஒரு ஜூலை விடியலில் குறிப்பெழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கறுப்பும் செம்பழுப்புமான ஒரு கார்டன் செட்டர். நூறு மீட்டருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது ஒரே நொடியில் உறைந்தது, ஒரு முன்காலை மடித்தபடி. எனக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் போனதும் காலடியிலிருந்து தாய், தகப்பன், அரைகுறை இறகோடு ஏழு குஞ்சுகள் பொலபொலவென எழும்பின. "இரண்டு பெரிது, ஏழு சிறிது" என்று எழுதினேன்.

நடந்து சுடுவதில் நாளெல்லாம் கிடைப்பது ஐந்தாறு ஜோடி இருக்கலாம், வெறுங்கையோடும் திரும்பலாம். அதற்கு மலை நிறைய பறவை தேவையில்லை. தேவையில்லாததால், மருந்துப் பரல் தேவையில்லை, பருந்தைப் பகைக்கவும் தேவையில்லை. இருக்கும் பறவையில் உபரியை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைந்த வருடம் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

விரட்டு வேட்டைக்காரர்கள் இதற்கு ஒரு பழைய பதில் வைத்திருக்கிறார்கள். விரட்டும்போது கிழட்டுப் பறவைகள்தான் முன்னால் வரும், சாவது அவைதான். நாயோடு போனால் அனுபவமில்லாத இளசுகள் பம்மிக்கொண்டே இருந்து மாட்டும் என்பார்கள். இதில் பொருள் உண்டு. செப்டம்பர் தாண்டிவிட்டால் பறவைகள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து, மனிதரைக் கண்டதும் வெகுதூரத்திலேயே எழும்பிவிடும், நாய் முறை சிரமப்படும் என்பதும் உண்மை. ஆனால் ஏறத்தாழ இதே பறவையை வைத்து நார்வே என்ன செய்கிறது என்று பார்த்தால் இந்த வாதம் சுருங்கிவிடுகிறது.

நார்வேயில் இருப்பது நம் சிவப்பு கிரவுஸின் நெருங்கிய சொந்தம். குளிரில் வெள்ளையாகும் வில்லோ டார்மிகன். அங்கே பருவம் செப்டம்பர் 10இல் தொடங்கும். மறைவிடமும் இல்லை, கொடியும் இல்லை. பள்ளி ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் அரசு நிலத்துக்கு அனுமதிச்சீட்டு வாங்கி, முதுகுப்பையும் நாயுமாக மலையேறுகிறார்கள். ஆகஸ்ட்டிலேயே தன்னார்வலர்கள் நாய்களோடு கோடு கோடாக நடந்து எண்ணிவிடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம் என்ற வரம்பு வருகிறது. கணக்கு மோசமென்றால் வரம்பு குறையும், சில பகுதிகளை மூடியும் விடுவார்கள். பறவையைப் பார்த்து வேட்டையை அளக்கிறார்கள். பிரிட்டனில் வேட்டையைப் பார்த்துப் பறவையை உருவாக்க வேண்டியிருக்கிறது. என் மனம் சாய்ந்தது இந்த இடத்தில்தான்.

துப்பாக்கியே இல்லாத இன்னொரு வகையும் இருக்கிறது: நாய் நிலைத்து நிற்க, மேலே வட்டமிடும் வல்லூறு பாய்ந்து பிடிப்பது. வட ஸ்காட்லாந்தில் இன்னும் சிலர் செய்கிறார்கள். அழகான கலை, ஆனால் ஒரு மலையின் பிழைப்பை அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

சுடாமல் விடுவது

"ஏங்க, கொல்றதுல நல்ல முறை கெட்ட முறைன்னு என்ன இருக்கு?" என்று என் மனைவி கேட்டாள். நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த இரவு அது. அவள் முட்டைகூடத் தொடாதவள். சாகும் பறவைக்கு முறை ஒன்றுதான் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் மூன்றாவது வழி, துப்பாக்கியை முழுக்க எடுத்துவிடுவது. அதற்கு நமக்கு ஒரு நிஜ மலை கிடைத்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் தென்கோடியில் லாங்கம் என்று ஒரு சிற்றூர், ஒருகாலத்தில் நெசவாலைகளால் வாழ்ந்தது. அதன் மூர் புக்ளூ பிரபு குடும்பத்துக்குச் சொந்தம். 1992 முதல் 1997 வரை அங்கே ஓர் ஆய்வு நடந்தது. பருந்துகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பெட்டை ஹாரியர் இருந்த இடத்தில் ஐந்தே வருடத்தில் இருபது ஆயின. கிரவுஸ் குறைந்தது, விரட்டு வேட்டை நின்றது, 1999இல் கீப்பர்களை அனுப்பிவிட்டார்கள். பருந்துக்கு வெற்றி என்றுதானே நினைப்போம்? கீப்பர் போனதும் நரியும் காகமும் பெருகின. தரையில் கூடு கட்டும் ஹாரியரும் சில வருடத்தில் விரல்விட்டு எண்ணும் நிலைக்குச் சரிந்தது. கிரவுஸும் மீளவில்லை.

2008இல் வேட்டைத் தரப்பும் பறவைப் பாதுகாப்புத் தரப்பும் ஒன்றாக மறுபடி இறங்கின. கீப்பர்கள் திரும்பினார்கள். ஹாரியர் கூடுகளுக்கு அருகே செத்த எலியும் கோழிக்குஞ்சும் வைத்தார்கள், கிரவுஸ் குஞ்சைத் தேடாமல் இருக்க. அது வேலை செய்தது. 2014இல் ஹாரியர் கூடுகள் பன்னிரண்டு ஆயின. கிரவுஸும் ஏறியது, ஆனால் விரட்டு வேட்டைக்குப் போதுமான அளவை அது எட்டவே இல்லை. 2017இல் திட்டம் முடிந்தது. விரட்டு வேட்டை என்ற அளவுகோலில் அது தோல்வி. நடந்து சுடும் அளவுகோலை வைத்திருந்தால் அதே மலை பாஸாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிலம் விற்பனைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி 2021இல் 5,200 ஏக்கரும், 2022இல் 5,300 ஏக்கரும் வாங்கி டாரஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகம் ஆக்கிவிட்டார்கள். பீட்டை ஈரமாக்குகிறார்கள், மரம் வளரவிடுகிறார்கள். சிற்றூர் ஒன்று இத்தனை பெரிய நிலத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்ததைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

இருந்தும் மூன்றாவது வழியை எல்லா மலைக்கும் எழுதிக்கொடுக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணம் ஒரு பறவை. கர்லூ என்ற நீள் வளைமூக்குக் கோட்டான் (ஆந்தை இல்லை, நீர்க்கரைப் பறவை). அதே இனம் குளிர்காலத்தில் நம் கோடியக்கரை வரை வருகிறது. உலகில் முட்டையிடும் கர்லூக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பிரிட்டனில்தான். அங்கே அவற்றின் எண்ணிக்கை 1995க்குப் பிறகு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. 2000 முதல் 2008 வரை நார்த்தம்பர்லாந்தின் ஓட்டர்பர்னில் நடந்த சோதனையில், நரியையும் காகத்தையும் கட்டுப்படுத்திய நிலத்தில் கர்லூ, ஆள்காட்டி, பொன்னிற உப்புக்கொத்தி ஆகியவை மூன்று மடங்கு வெற்றியோடு குஞ்சு பொரித்தன. கீப்பர் இல்லாத மூர் தானாகவே பறவைகளால் நிறைந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் பேச வேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு கர்லூ மேலே ஏறி, நடுங்கும் குரலில் குமிழியிட்டுக் கொண்டே சரிவதைக் கேட்டவன் நான். அந்தக் குரல் இல்லாத மூரை என்னால் நினைக்க முடியவில்லை.

கீப்பருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நாய் முறையின் பெரிய ஓட்டை இதுதான். ஐந்தாறு ஜோடிக்கு வரும் காசில் ஒரு கீப்பரை வைக்க முடியாது. விரட்டு வேட்டை தன் பணத்தைத் தானே கொண்டுவருகிறது என்ற வாதம் இங்கே வலுவாக நிற்கிறது. ஆனால் அந்தப் பணத்தோடு மருந்துப் பரலும் மறைந்துபோகும் கழுகும் சேர்ந்து வருகின்றன. கர்லூ பொதுச்சொத்து என்றால் அதைக் காக்கும் கூலியும் பொதுப்பணத்தில் வரட்டும். மேட்டுநில விவசாயிகளுக்கு அரசு ஏற்கெனவே மானியம் தருகிறது. அதில் ஒரு பங்கை, கூடு காக்கும் மாதங்களுக்கு ஒரு கீப்பரை வைக்கக் கொடுப்பது நடக்காத காரியம் இல்லை.

தடை வரும் வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. ஸ்காட்லாந்தின் 2024 சட்டப்படி கிரவுஸைச் சுட நிலத்துக்கு உரிமம் வேண்டும். பருந்தைக் கொன்றதாக அதிகாரிகள் கண்டால், நீதிமன்றத் தண்டனைக்குக் காத்திருக்காமலே உரிமத்தைப் பறிக்கலாம். கண்ணி வைப்பதையும் அதே சட்டம் நிறுத்தியது. இங்கிலாந்தில் இப்படி ஒன்றும் இல்லை.

தம்பிக்கு நான் எழுதிய பதில் இது: "கையெழுத்துப் போடு, நானும் போட்டுட்டேன். ஆனா வேட்டை கூடாதுன்னு நினைச்சுப் போடல. ஒரு மலை தாங்குற அளவுக்கு மேல பறவையை அடைச்சுச் சுடுற முறை வேண்டாம்னுதான். நார்வே மாதிரி எண்ணிட்டு, நாயோட நடந்து, இருக்கறதுல எடுக்கட்டும். அதுவரைக்கும் ஸ்காட்லாந்து உரிமம் இங்கேயும் வரணும். கீப்பருங்க வேலை போறதைப் பத்தி யாராவது பேசினா, அவங்க சொல்றதை முழுசாக் கேளு. அவங்க பயம் நியாயமானது."

என்னை விரட்டுக் கூலிக்குக் கூட்டிப்போன சக ஊழியரிடமும் சொல்லிவிட்டேன், இனி ஆகஸ்ட்டில் கொடி பிடிக்க வர மாட்டேன் என்று. ஏன் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு, ஜூலை எண்ணிக்கைக்காவது வருவாயா, உன் கையெழுத்துதான் மழையிலும் படிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்கு வருகிறேன் என்றேன்.